ரிமோட் ரிக் கன்ட்ரோல் மென்பொருள்: செட்டிங்ஸை எங்கே வைப்பது?

தூரஅலை கேட்டது:

வணக்கம். ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ரிக்கை, அதாவது அனுப்பவும் கேட்கவும் செய்யும் ரேடியோவை, ரிமோட்டில் இயக்க ஒரு மென்பொருள் எழுதி வருகிறேன். ஷாக்கில் (ரேடியோ அறையில்) ரிக் பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை (சின்னக் கணினி, இனி 'பை'), அதில் சர்வர். ஹாம்லிப் (ரிக்குகளை இயக்கும் லைப்ரரி) வழியாக ஐசி-7300 ரிக்கையும் ஆண்டெனாவைத் திருப்பும் ஒரு ரோட்டரையும் அது ஓட்டும், ஆடியோவையும் அதுவே அனுப்பும். மறுமுனையில் க்ளையன்ட். விண்டோஸ் லேப்டாப்பிலும் லினக்ஸ் டெஸ்க்டாப்பிலும் இப்போதே ஓடுகிறது, மேக் அடுத்து.

இப்போதைக்கு எல்லா செட்டிங்ஸும் க்ளையன்ட் நிரல் இருக்கிற ஃபோல்டரிலேயே ஒரே ஐஎன்ஐ கோப்பில் இருக்கின்றன. இணையும்போது க்ளையன்ட் அதைச் சர்வருக்கு அனுப்பும். சர்வர் தன் பக்கம் ஒரு நகல் எழுதிக்கொண்டு, அதன்படி சீரியல் போர்ட்டைத் திறக்கும். சின்னத் தொல்லைகள் நிறைய வருகின்றன. விண்டோஸில் ப்ரோகிராம் ஃபைல்ஸில் நிறுவினால் ஒரு யூசர் மாற்றியது இன்னொரு யூசருக்குத் தெரிவதில்லை. லேப்டாப்பிலிருந்து இணைத்தால் ஒரு பாட் ரேட் (சீரியல் போர்ட் வேகம்), டெஸ்க்டாப்பிலிருந்து இணைத்தால் வேறு. பையில் கரன்ட் போய் வந்தால் சில நேரம் கோப்பு 0 பைட்டாக நிற்கிறது.

ஒவ்வொரு ஓஎஸ்ஸிலும் சரியான இடம் எது? விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியா, கோப்பா? சர்வர் கடவுச்சொல்லை எங்கே வைப்பது? கடைசியாக நின்ற அலைவரிசை, மோட் இதெல்லாம் அதே கோப்பில் இருக்கலாமா?

---

ஆண்டெனாபித்தன் பதில்:

எந்த ஃபோல்டர் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு செட்டிங்கும் யாருடையது என்று பிரியுங்கள். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் பாட் ரேட் தொல்லை ஃபோல்டரை மாற்றினால் போகாது. ரிக் எந்த போர்ட்டில், எந்த வேகத்தில் இருக்கிறது என்பது ரிக் இருக்கும் இடத்தின் உண்மை. அதை லேப்டாப் சொல்லக்கூடாது, அதற்குத் தெரியவும் வேண்டியதில்லை.

நிலையத்துக்கு உரியவை: ரிக் மாடல், போர்ட், வேகம், சிஐ-வி (ஐகாம் ரிக்குகளின் கட்டளை முறை) முகவரி, பிடிடி (அனுப்பலைத் தொடங்கும் சுவிட்ச்) எந்த வழியில், அதிகபட்ச பவர், டிஎக்ஸ் (அனுப்பல்) டைம்-அவுட், ரோட்டர் எல்லைகளும் ஆஃப்செட்டும், எந்த பேண்டுக்கு எந்த ஆண்டெனா. இவை சர்வரில் மட்டும் இருக்கட்டும். க்ளையன்ட் கேட்டால் சர்வர் காட்டலாம், க்ளையன்ட் அனுப்பினால் ஏற்கக்கூடாது.

இயக்குபவருக்கு உரியவை: நிலையங்களின் பட்டியல், மேக்ரோக்கள், பிடிடிக்கு எந்த விசை, வாட்டர்ஃபால் (அலைவரிசைப் படம்) நிறம். இவை அவருடைய கணக்கோடு போக வேண்டியவை.

அந்தக் கணினிக்கு மட்டும் உரியவை: மைக், ஸ்பீக்கர் சாதனம், ஜிட்டர் பஃபர் (ஆடியோ தடங்கலைச் சமன்செய்யும் இடைச்சேமிப்பு) அளவு, விண்டோ நின்ற இடம், கையில் வைத்துச் சுற்றும் யூஎஸ்பி விஎஃப்ஓ (அலைவரிசை மாற்றும்) நாப். இவை வேறு கணினிக்குப் போனால் குழப்பம்தான்.

இந்தப் பிரிவினையை நான் அழுத்திச் சொல்ல முக்கியக் காரணம் டிஎக்ஸ். பிடிடி அழுத்தியிருக்கும்போது இணைப்பு அறுந்துவிட்டால், டிரான்ஸ்மிட்டரை நிறுத்த வேண்டிய விதி எந்தக் கணினியில் இருக்க வேண்டும்? அறுந்துபோன பக்கத்தில் இருந்தால் அது எதற்கும் உதவாது. அதனால் டைம்-அவுட்டும், 'க்ளையன்ட் இத்தனை மில்லி வினாடி பேசவில்லை என்றால் உடனே ரிசீவ்' என்ற விதியும் சர்வர் பக்கக் கோப்பில் இருந்து, சர்வரின் டைமரில் ஓட வேண்டும். பிடிடி அழுத்தியிருக்கும் வரை க்ளையன்ட் 500 மில்லி வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று அனுப்பட்டும். 1500 மில்லி வினாடி எதுவும் வரவில்லை என்றால் சர்வர் பிடிடியை விடட்டும்.

டைம்-அவுட் எண்ணை யோசித்து வையுங்கள். எஃப்டி8 என்ற டிஜிட்டல் மோடில் ஒரு முறை அனுப்ப 12.64 வினாடி, ஆனால் டபிள்யூஎஸ்பிஆர் மோடில் 110.6 வினாடி. 60 என்று வைத்தால் டபிள்யூஎஸ்பிஆர் ஒவ்வொரு தடவையும் பாதியில் வெட்டுப்படும், பயனர் காரணம் தெரியாமல் ரிக்கைச் சந்தேகப்படுவார். 180 நல்ல தொடக்கம். ஐசி-7300-க்குள்ளேயே சிஐ-வி வழி டிஎக்ஸுக்குத் தனி டைம்-அவுட் டைமர் மெனுவில் உண்டு. அதையும் 3 நிமிடத்தில் வைத்துவிட்டால், பை தொங்கிப்போனாலும் ரிக் தானாக ரிசீவுக்கு வரும்.

எல்லைகளுக்கு வழக்கமான முன்னுரிமை விதி பொருந்தாது. சாதாரணமாக 'யூசர் கோப்பு நிலையக் கோப்பை மீறும்' என்று எழுதுவோம். பவர், டைம்-அவுட், ரோட்டர் எல்லை மூன்றிலும் யூசர் குறைக்கலாம், கூட்ட முடியாது. நிலையத்தில் 50 வாட் என்றால் க்ளையன்ட் 100 கேட்டாலும் 50, 20 கேட்டால் 20. அந்தக் கணக்கைச் சர்வர் மட்டும் போடட்டும்.

---

வட்டுக்காவலன் பதில்:

மேலே சொன்னதற்கு முழுச் சம்மதம். விண்டோஸ் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு யூசர் மாற்றியது இன்னொருவருக்குத் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் விர்ச்சுவல் ஸ்டோர். உங்கள் நிரல் 32-பிட்டாக இருந்து, மேனிஃபெஸ்டில் (நிரலோடு வரும் விவரக் கோப்பில்) அனுமதி நிலை எதுவும் குறிப்பிடவில்லை என்றால், ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் அது எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த யூசரின் ஆப்டேட்டா > லோக்கல் > விர்ச்சுவல் ஸ்டோருக்குத் திருப்பிவிடும். விஸ்டா காலத்திலிருந்து இப்படித்தான். படிக்கும்போதும் அங்கிருந்தே படிக்கும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். நிரலை 64-பிட்டாக்கினால் இந்தத் திருப்பிவிடல் கிடையாது, நேரடியாக 'அனுமதி மறுப்பு' வரும். அந்தப் பிழையைப் பார்த்து நிரலை அட்மினாக ஓடவிடாதீர்கள். கோப்பை நகர்த்துங்கள்.

ஆப்டேட்டாவில் உள்ள ரோமிங் ஃபோல்டர் கணக்கோடு வேறு கணினிகளுக்குப் போகக்கூடியது. லோக்கல் அந்தக் கணினியிலேயே நிற்கும். ஆண்டெனாபித்தன் பிரித்த இரண்டாம் பட்டியல் ரோமிங்குக்கு, மூன்றாம் பட்டியல் லோக்கலுக்கு. 'காம்7' என்ற போர்ட் எண்ணை ரோமிங்கில் எழுதுவது சுத்தத் தப்பு, அடுத்த கணினியில் காம்7 வேறு ஏதோ ஒரு சாதனமாக இருக்கும். பிரிக்க வேண்டாம், ஒரே கோப்பு போதும் என்றால் லோக்கல்தான் பத்திரம். எஃப்டி8-க்குப் பயன்படும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரல் அப்படித்தான் செய்கிறது. விண்டோஸிலும் அதன் ஐஎன்ஐ கோப்பு லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் அதன் பெயரிலுள்ள ஃபோல்டரில் இருக்கும்.

ரெஜிஸ்ட்ரி வேண்டாம். அது கெட்டது என்பதால் இல்லை, எழுதுவதில் அது நம்பகமானதுதான். ஹாம்கள் செட்டிங்ஸை ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள், பழைய கணினியிலிருந்து புதியதற்குக் காப்பி செய்வார்கள், 'உன் ஐஎன்ஐ-யை ஒட்டு, பார்க்கிறேன்' என்பார்கள். இதற்கெல்லாம் கோப்புதான் வசதி. நீங்கள் க்யூடி (நிரல் எழுதும் லைப்ரரி) பயன்படுத்தினால் கவனம்: அதன் க்யூசெட்டிங்ஸ் இயல்பில் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரிக்கும், மேக்கில் ப்ளிஸ்ட் (அதன் செட்டிங்ஸ் கோப்பு) வடிவத்துக்கும், லினக்ஸில் ஹோமுக்குள் .கான்ஃபிக்குக்கும் போகும். ஐஎன்ஐ வடிவம் என்று நீங்களே குறிப்பிட்டு, பாதையையும் கொடுத்துத் திறந்தால்தான் மூன்றிலும் ஒரே மாதிரிக் கோப்பு கிடைக்கும்.

சர்வரை யாராவது விண்டோஸில் சர்வீஸாக ஓட்டினால் இன்னொரு குழி இருக்கிறது. லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓடும் சர்வீஸுக்கும் ஒரு ஆப்டேட்டா உண்டு, ஆனால் அது விண்டோஸ் > சிஸ்டம்32 > கான்ஃபிக் > சிஸ்டம்ப்ரொஃபைலுக்குள் ஒளிந்திருக்கும். டெஸ்க்டாப்பில் ஓட்டிச் சரிசெய்த செட்டிங்ஸ் சர்வீஸாக மாற்றியதும் காணாமல் போவது இதனால்தான். நிலையச் செட்டிங்ஸுக்கு ப்ரோகிராம்டேட்டாதான் இடம். அங்கே ஒரு யூசர் உருவாக்கிய கோப்பை வேறு சாதாரண யூசரால் மாற்ற முடியாது. அதனால் ஃபோல்டரை நிறுவும் நிரலே (இன்ஸ்டாலர்) உருவாக்கி, யாருக்கு எழுதும் அனுமதி என்பதையும் அப்போதே வைத்துவிட வேண்டும்.

மேக்கில் ஹோமுக்குள் லைப்ரரி > அப்ளிகேஷன் சப்போர்ட் > உங்கள் நிரல் பெயர். ப்ரெஃபரன்ஸஸ் ஃபோல்டரில் ப்ளிஸ்ட்டாக வைத்தால் சிஎஃப்ப்ரெஃப்ஸ்டி என்ற பின்னணி நிரல் அதை நினைவகத்தில் வைத்திருக்கும். பயனர் கையால் திருத்தியது பலிக்காமல் போகும், சில நேரம் மேலெழுதவும்படும்.

---

களநிலையம் பதில்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். நிரல் பக்கத்திலேயே கோப்பு இருப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஃபீல்ட் டே (வெளியிடத்தில் நிலையம் அமைத்து இயங்கும் ஹாம் நிகழ்வு) மாதிரி சமயங்களில் ஒரு பென்டிரைவில் நிரலையும் செட்டிங்ஸையும் போட்டு எந்த லேப்டாப்பிலும் ஓட்டலாம். எல்லாவற்றையும் ஆப்டேட்டாவுக்குள் புதைத்துவிட்டால் அது போய்விடும். அந்த வசதியைக் கொல்லாதீர்கள்.

---

வட்டுக்காவலன் பதில்:

நியாயமான கேள்வி, கொல்ல வேண்டியதில்லை. நிரல் தொடங்கியதும் தன் ஃபோல்டரில் 'போர்ட்டபிள்' என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் எல்லாம் அங்கேயே, இல்லாவிட்டால் வழக்கமான இடம். 'எழுத முடிகிறதா பார், முடிந்தால் இங்கே' என்று முயன்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். விர்ச்சுவல் ஸ்டோர் 'முடிகிறது' என்று பொய் சொல்லும்.

இன்னும் இரண்டு உதவி செய்யலாம். செட்டிங்ஸ் எந்தப் பாதையில் இருக்கிறது என்பதை 'பற்றி' விண்டோவில் முழுதாகக் காட்டி, பக்கத்தில் 'ஃபோல்டரைத் திற' பட்டன் வையுங்கள். கட்டளை வரியில் பாதையையும் ப்ரொஃபைல் பெயரையும் கொடுக்க வழி வையுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ரிக் பெயர் கொடுத்துத் தொடங்கினால் அந்தப் பெயரில் தனி ஐஎன்ஐ உருவாகும், இரண்டு ரிக்கை இரண்டு பிரதிகளாக ஒரே கணினியில் ஓட்டலாம். இந்த வழி இல்லாமல் இரண்டு பிரதிகள் ஒரே கோப்பைத் திறந்தால், கடைசியாக மூடியது முந்தியதன் மாற்றத்தை அழித்துவிடும்.

---

தூரஅலை:

மிக்க நன்றி. பிரிவினை புரிந்துவிட்டது. பை பக்கம் இன்னும் தெளிவில்லை. சர்வர் சிஸ்டம்டி (லினக்ஸின் சர்வீஸ் மேலாளர்) சர்வீஸாக, தனி யூசரில் ஓடுகிறது, அந்த யூசருக்கு ஹோம் கிடையாது. நிலையக் கோப்பு /ஈடிசி/-க்குள் (கணினி முழுவதற்குமான செட்டிங்ஸ் ஃபோல்டர்) என்றால், ரோட்டர் ஆஃப்செட் மாதிரி சிலவற்றைக் க்ளையன்ட் விண்டோவிலிருந்தே திருத்த முடியாதா? 0 பைட் தொல்லைக்கும் வழி சொல்லுங்கள்.

---

கட்டளைவரி பதில்:

லினக்ஸில் க்ளையன்டுக்கு, கோப்புகளுக்கு இடம் வகுக்கும் எக்ஸ்டிஜி விதியைப் பின்பற்றினால் போதும். செட்டிங்ஸ் ~/.கான்ஃபிக்/-இல், மேக்ரோ, லாக் போன்ற தரவு ~/.லோக்கல்/ஷேர்/-இல், விண்டோ நின்ற இடம், கடைசி அலைவரிசை ~/.லோக்கல்/ஸ்டேட்/-இல். ஸ்டேட் என்ற இடம் 2021-இல் வந்த 0.8 பதிப்பில் சேர்ந்தது, அதனால் பழைய லைப்ரரிகளுக்கு அது தெரியாது, பாதையை நீங்களே கட்ட வேண்டிவரலாம். பயனர் சூழல் மாறியில் வேறு இடம் கொடுத்திருந்தால் அதை மதியுங்கள். எஃப்எல்டிஜி, எஃப்எல்ரிக் என்ற ஹாம் நிரல்கள் இன்னும் ஹோமில் புள்ளி வைத்த தனி ஃபோல்டர்தான் வைத்திருக்கின்றன. புது நிரலுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

சர்வருக்கு ஹோமே தேவையில்லை. யூனிட் கோப்பில் கான்ஃபிகரேஷன் டைரக்டரி, ஸ்டேட் டைரக்டரி என்று இரண்டு வரி எழுதி ஒரு பெயர் கொடுங்கள். /ஈடிசி/-க்குள் ஒன்று, /வார்/லிப்/-க்குள் ஒன்று என்று சிஸ்டம்டியே உருவாக்கித் தரும். இரண்டின் உரிமையும் ஒன்றல்ல, உங்கள் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. ஸ்டேட் ஃபோல்டரைச் சிஸ்டம்டி உங்கள் சர்வீஸ் யூசருக்குச் சொந்தமாக்கும். கான்ஃபிகரேஷன் ஃபோல்டரை அப்படி ஆக்காது. சர்வர் அதைப் படிக்கலாம், எழுத முடியாது. உங்களுக்கு வேண்டியது இதேதான்.

அதாவது நிலையக் கோப்பு இரண்டாகிறது. ஆபத்தானவை, வயரிங்கோடு கட்டுண்டவை /ஈடிசி/-இல். ஷாக்கில் உட்கார்ந்தோ எஸ்எஸ்ஹெச்சில் தூரத்திலிருந்து நுழைந்தோ நிலைய உரிமையாளர்தான் திருத்துவார். க்ளையன்டிலிருந்து திருத்தலாம் என்று நீங்கள் அனுமதிப்பவை (ரோட்டர் ஆஃப்செட், ஆண்டெனாப் பெயர்கள், மெமரி சேனல்கள்) /வார்/லிப்/-இல். சர்வரில் ஏதாவது ஓட்டை இருந்து யாராவது உள்ளே வந்தாலும், பவர் எல்லையை மாற்ற அந்த ப்ராசஸுக்கே அனுமதி இருக்காது.

/ஈடிசி/-இல் உள்ளது இப்படி இருக்கலாம்:

[பொது]
வடிவம் = 1

[ரிக்]
மாடல் = 3073
போர்ட் = /டெவ்/சீரியல்/பை-ஐடி/ (இங்கே ரிக்கின் முழுப் பெயர்)
வேகம் = 115200
சிஐவி_முகவரி = 0எக்ஸ்94
ஆர்டிஎஸ் = ஆஃப்
டிடிஆர் = ஆஃப்

[டிஎக்ஸ்_எல்லை]
அதிகபட்ச_வாட் = 50
டைம்அவுட்_வினாடி = 180
மௌனம்_மில்லிவினாடி = 1500

[ரோட்டர்]
குறைந்தபட்ச_டிகிரி = 0
அதிகபட்ச_டிகிரி = 450

போர்ட்டுக்கு யூஎஸ்பி0 என்ற பெயரை எழுதாதீர்கள். ரோட்டர் கன்ட்ரோலரும் யூஎஸ்பி-சீரியல் என்றால், எது முதலில் கண்டுபிடிக்கப்படுகிறதோ அது 0 ஆகிவிடும். ரீபூட்டுக்குப் பிறகு ரோட்டருக்குச் சிஐ-வி கட்டளை போகும். பை-ஐடி ஃபோல்டரில் ஐசி-7300 தன் மாடலோடும் வரிசை எண்ணோடும் தெரியும், அது மாறாது. ரோட்டர் பக்கம் மலிவான சிபி2102 (யூஎஸ்பி-சீரியல் சிப்) பலகை என்றால் வரிசை எண் வெறும் 0001 ஆக இருக்கும். அதேபோல் இரண்டு பலகை இருந்தால் பை-ஐடியில் ஒன்றுதான் தெரியும். அங்கே பை-பாத் பயன்படுத்துங்கள். அது யூஎஸ்பி துளையைப் பொறுத்தது, அதனால் எந்தத் துளை எதற்கு என்று ஒட்டி வைக்க வேண்டும். சர்வீஸ் யூசர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும், ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி.

சிஐ-வி முகவரியை எப்போதும் 0எக்ஸ் முன்னொட்டோடு எழுதிப் படியுங்கள். வெறும் 94 என்று எழுதி நிரல் அதைத் தசம எண்ணாக எடுத்தால், உண்மையில் வேண்டிய 148-க்குப் பதில் வேறு முகவரிக்குப் பேசும். ரிக் வாயே திறக்காது, பிழைச் செய்தியும் வராது, டைம்-அவுட் மட்டும்தான்.

ஆர்டிஎஸ், டிடிஆர் (சீரியல் போர்ட்டின் கட்டுப்பாட்டுக் கம்பிகள்) வரிகளை விட்டுவிடாதீர்கள். லினக்ஸ் போர்ட்டைத் திறக்கும்போது இரண்டையும் உயர்த்திவிடும். ரிக் மெனுவில் யூஎஸ்பி சென்ட் என்பதை ஆர்டிஎஸ்ஸுக்கோ டிடிஆருக்கோ கொடுத்திருந்தால், சர்வர் தொடங்கிய கணமே ரிக் டிஎக்ஸுக்குப் போகும். ஹாம்லிப்பில் இரண்டையும் ஆஃப் என்று கான்ஃபிக் அளவுருவாகக் கொடுக்கலாம். ஆனால் திறந்ததற்கும் இறக்கியதற்கும் இடையில் ஒரு சின்ன துடிப்பு இருந்தே தீரும். பிடிடியைச் சிஐ-வி கட்டளையிலேயே கொடுத்துவிட்டு, ரிக்கில் யூஎஸ்பி சென்டை ஆஃபில் வைப்பதுதான் முழுத் தீர்வு.

இனி 0 பைட். நீங்கள் கோப்பை எழுதுவதற்காகத் திறக்கும்போதே பழைய உள்ளடக்கம் வெட்டப்படுகிறது. புதியது எஸ்டி கார்டுக்குப் போய்ச் சேருமுன் கரன்ட் போனால் மிச்சம் ஒன்றும் இருக்காது. சரியான வரிசை இது: அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கு, முழுதும் எழுது, அதன்மேல் எஃப்சிங்க் (கார்டில் உண்மையிலேயே எழுதவைக்கும் கட்டளை), பிறகு பழைய பெயருக்கு ரீநேம், கடைசியாக ஃபோல்டரின்மேலும் ஒரு எஃப்சிங்க். இப்படிச் செய்தால் எந்த நொடியில் கரன்ட் போனாலும் முழுப் பழையதோ முழுப் புதியதோ இருக்கும்.

இதில் மூன்று இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். தற்காலிகக் கோப்பை /டெம்ப்/-இல் உருவாக்கினால் அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருக்கலாம், ரீநேம் தோற்கும். புதுக் கோப்பு புது அனுமதியோடு பிறக்கும். பழையது 0600 (உரிமையாளருக்கு மட்டும்) ஆக இருந்திருந்தால் இது 0644 (எல்லாரும் படிக்கலாம்) ஆகிவிடும், எனவே ரீநேமுக்கு முன்பே அனுமதியை வைக்க வேண்டும். டாக்கரில் (நிரலைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) அந்த ஒரு கோப்பை மட்டும் மவுன்ட் செய்திருந்தால் அதன்மேல் ரீநேம் செல்லாது, ஃபோல்டரையே மவுன்ட் செய்ய வேண்டும்.

அலைவரிசையைச் செட்டிங்ஸ் கோப்பில் எழுதவே கூடாது. விஎஃப்ஓ நாப்பை ஒருமுறை சுற்றினால் நூற்றுக்கணக்கான மாற்றம் வரும். ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் என்றால் எஸ்டி கார்டும் தேயும், சர்வரும் அங்கங்கே நிற்கும். தனி ஸ்டேட் கோப்பு வைத்து, நாப் நின்று 5 வினாடி ஆன பிறகு ஒருமுறையும் சர்வர் நிற்கும்போது ஒருமுறையும் எழுதுங்கள். அந்தக் கோப்பு கெட்டாலும் நஷ்டமில்லை, ரிக்கையே கேட்டால் சொல்லிவிடும். பையில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் போட்டு ரூட்டைப் படிக்க மட்டும் என்று ஆக்கியிருந்தால் /வார்/லிப்/-க்குள் எழுதியது ரீபூட்டில் போய்விடும். அந்த ஃபோல்டருக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டும்.

---

ஆண்டெனாபித்தன் பதில்:

கட்டளைவரியின் மாதிரிக் கோப்பில் எண்களைப் பற்றி ஒரு சேர்க்கை. அலைவரிசையை எங்கே எழுதினாலும் ஹெர்ட்ஸில் முழு எண்ணாக எழுதுங்கள்: 14074000. மெகாஹெர்ட்ஸில் 14.074 என்று எழுதினால் இரண்டு தொல்லை. தசமத்துக்குக் காற்புள்ளி போடும் மொழி அமைப்புள்ள கணினியில் அதே கோப்பைப் படித்தால் புள்ளியிலேயே நின்று 14 மட்டும் கிடைக்கலாம். மிதவைப் புள்ளியில் பெருக்கி முழு எண்ணாக வெட்டும்போது கடைசி ஒரு ஹெர்ட்ஸ் குறைந்து 14073999 ஆகவும் கூடும். ரிக் வேறு, நாம் கேட்டது வேறு என்று நிரல் திரும்பத் திரும்ப அலைவரிசை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

பவர் எல்லையை வாட்டில் வைத்தது சரி. ஹாம்லிப்புக்குப் பவர் 0.0 முதல் 1.0 வரை பின்னமாகப் போகும். 100 வாட் ரிக்கில் 0.5 என்றால் 50 வாட், 10 வாட் ரிக்கில் அதே 0.5 வெறும் 5 வாட். பின்னத்தைக் கோப்பில் வைத்தால் ரிக் மாற்றும்போது எல்லையின் பொருளே மாறிவிடும். வாட்டில் வைத்து, ஹாம்லிப்பில் இதற்கென இருக்கும் மாற்றுச் செயல்கூறு வழியாகப் பின்னமாக்குங்கள்.

ஆடியோ சாதனத்தையும் எண்ணால் குறிக்காதீர்கள். ஆல்சாவில் (லினக்ஸின் ஆடியோ அமைப்பு) கார்டு 1, கார்டு 2 என்பவை ரீபூட்டில் இடம் மாறும். கார்டின் பெயரைப் பயன்படுத்துங்கள், ஐசி-7300 வழக்கமாக 'கோடெக்' என்று வரும். அதே வகை ரிக் இரண்டு இருந்தால் இரண்டாவதற்கு '_1' ஒட்டிக்கொள்ளும், எது எது என்பது மறுபடி வரிசையைப் பொறுத்ததாகிவிடும். அப்போது யூடெவ் (லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயரிடும் பகுதி) விதி எழுதிப் பெயர் வைப்பது நல்லது. விண்டோஸ் க்ளையன்டில் ஹெட்செட்டை வேறு துளையில் மாட்டினால் பெயருக்கு முன்னால் '2-' சேர்ந்துவிடும். சேமித்த பெயர் கிடைக்கவில்லை என்றால் அமைதியாக இயல்புச் சாதனத்துக்குத் தாவாமல் பயனரைக் கேளுங்கள். லேப்டாப்பின் உள் மைக்கில் அறைச் சத்தம் முழுவதும் காற்றில் போவதற்கு இந்தத் தாவல்தான் காரணமாகிறது.

---

வட்டுக்காவலன் பதில்:

கடவுச்சொல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

க்ளையன்டில்: விண்டோஸில் க்ரெடென்ஷியல் மேனேஜர், மேக்கில் கீசெயின், லினக்ஸில் சீக்ரெட் சர்வீஸ். ஐஎன்ஐ-யில் நிலையத்தின் அடையாளம் மட்டும் இருக்கட்டும், கடவுச்சொல் இந்த ஓஎஸ் பெட்டகங்களில். ஐஎன்ஐ-யை உதவி கேட்டுப் பொதுவில் ஒட்டுவார்கள் என்று மேலேயே சொன்னேன், அதில் ரகசியம் இருந்தால் அது அன்றே வெளியே போய்விடும். அந்த அடையாளம் ஐபி முகவரியாக இருக்கக்கூடாது. வீட்டு இணைப்பின் முகவரி மாறினால் மெமரி, மேக்ரோ எல்லாம் அனாதையாகும். சர்வர் முதல்முறை ஓடும்போது ஒரு யூயூஐடி (தனித்த அடையாள எண்) உருவாக்கி ஸ்டேட் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளட்டும், க்ளையன்ட் அதை வைத்தே ப்ரொஃபைலைக் கட்டட்டும்.

சர்வரில் கடவுச்சொல்லை அப்படியே வைக்காதீர்கள். ஆர்கான்2 போன்ற ஒன்றில் ஹேஷாக்கி (திரும்பப் பெற முடியாத வடிவமாக்கி) 0640 அனுமதியில், ரூட் உரிமை, சர்வீஸ் குழுவுக்குப் படிக்க மட்டும். மீட்டெடுக்கக்கூடிய ரகசியம் ஏதாவது சர்வருக்குத் தேவைப்பட்டால் (நெட்வொர்க் வசதியுள்ள ரிக்கில் நுழையும் கடவுச்சொல் மாதிரி) சிஸ்டம்டியின் லோட் க்ரெடென்ஷியல் வழியாகக் கொடுங்கள், பதிப்பு 247 முதல் இருக்கிறது. கட்டளை வரியில் கொடுத்தால் 'பிஎஸ்' (ஓடும் நிரல்களைக் காட்டும் கட்டளை) அடிக்கிற யாருக்கும் தெரியும்.

உங்கள் சர்வர் ஹாம்லிப்பின் நெட்வொர்க் சர்வரான ரிக்சிடிஎல்டியைத் தனியாக ஓட்டுகிறது என்றால் இதைச் சரிபாருங்கள்: சாதாரணமாக அது 4532 என்ற நெட்வொர்க் போர்ட்டில் எல்லா முகவரியிலும் கேட்கும், கடவுச்சொல் கேட்காமல் கட்டளையை ஏற்கும். ரோட்டருக்கான ரோட்சிடிஎல்டி 4533-இல் அப்படியே. உங்கள் சர்வருக்கு எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும் பக்கத்துக் கதவு திறந்திருக்கும். இரண்டையும் 127.0.0.1-இல் (அதே கணினியின் உள்முகவரி) மட்டும் கேட்கச் சொல்லுங்கள், வெளியிலிருந்து வருவது வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் வழியாக வரட்டும். கேட்கும் முகவரியும் நிலையக் கோப்பில், /ஈடிசி/ பக்கம்.

---

தூரஅலை:

எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றப் போகிறேன்: ரிக், எல்லைகள், கேட்கும் முகவரி /ஈடிசி/-இல், ஆஃப்செட், மெமரி, யூயூஐடி /வார்/லிப்/-இல், அலைவரிசை தனி ஸ்டேட் கோப்பில், க்ளையன்டில் ரோமிங், லோக்கல் பிரித்து, கடவுச்சொல் ஓஎஸ் பெட்டகத்தில். பழைய ஐஎன்ஐ வைத்திருப்பவர்களுக்கு முதல் தொடக்கத்தில் தானாகப் பிரித்து எழுதிவிடலாமா? கோப்பு இல்லாவிட்டால் ஐசி-7300, 19200, 100 வாட் என்று இயல்பு மதிப்பு போட நினைக்கிறேன்.

---

கட்டளைவரி பதில்:

க்ளையன்ட் பக்கம் தானாகப் பிரிக்கலாம். பழையதை அழிக்காமல் பெயர் மாற்றி விட்டுவையுங்கள், புதுக் கோப்பில் வடிவ எண்ணை எழுதுங்கள், தெரியாத வரிகளைத் தூக்கி எறியாமல் அப்படியே திருப்பி எழுதுங்கள். புதுப் பதிப்பை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழையதற்குத் திரும்புபவர்கள் நிறையப் பேர். வடிவ எண் தன்னைவிடப் பெரியதாக இருந்தால் பழைய நிரல் படிக்கட்டும், எழுத வேண்டாம்.

சர்வர் பக்கம் தானாகச் செய்யாதீர்கள். அங்கிருக்கும் நகல் கடைசியாக இணைந்த க்ளையன்ட் அனுப்பியது, அதிலுள்ள பவரும் போர்ட்டும் சரி என்று யாரும் சரிபார்க்கவில்லை. /ஈடிசி/ கோப்பை நிலைய உரிமையாளர் ஒருமுறை கையால் நிரப்பட்டும். கருத்துரைகளோடு ஒரு மாதிரிக் கோப்பைச் சேர்த்துக் கொடுங்கள், போதும்.

100 வாட் இயல்பு மதிப்பு வேண்டவே வேண்டாம். நிலையக் கோப்பு இல்லை, படிக்க முடியவில்லை, எல்லைப் பகுதியில் ஒரு வரி புரியவில்லை: இந்த மூன்றிலும் சர்வர் தொடங்கட்டும், ரிசீவ் மட்டும் வேலை செய்யட்டும், பிடிடி கட்டளை வந்தால் மறுக்கட்டும். மறுக்கும்போது எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று க்ளையன்டின் திரையில் தெரியும்படி சொல்லட்டும். சர்வரின் லாக்கான ஜர்னலில் மட்டும் எழுதினால் தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. மாடலும் போர்ட்டும் இல்லாவிட்டால் எந்தச் சீரியல் போர்ட்டையும் தொட்டுப் பார்க்காமல் ஹாம்லிப்பின் டம்மி ரிக்கில், அதாவது மாடல் 1-இல், நிற்கட்டும். ஊகித்துத் திறக்கும் போர்ட்டின் மறுமுனையில் ரோட்டர் இருக்கலாம், ஆன்டெனா ஸ்விட்ச் இருக்கலாம், ஆம்ப்ளிஃபையரின் கீயிங் வரியும் இருக்கலாம்.